பலாப்பழம் இறங்கும் கயிறும் முதலாண்டு இயற்பியலும்

கேள்வி: ஐயா, பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பலாத் தோப்பும் கொஞ்சம் முந்திரியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். பிளஸ் டூ இயற்பியலில் 81 மதிப்பெண். இப்போது புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முதலாண்டு, விடுதியில் தங்கியிருக்கிறேன். முதல் இன்டர்னல் தேர்வில் 50-க்கு 13 வாங்கினேன். வகுப்பில், "இதெல்லாம் ஸ்கூலிலேயே படித்ததுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். படித்தது நினைவில் இருக்கிறது. ஆனால் கணக்கு என்று வந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ நான்கு தொகுதிகளையும் முதலிலிருந்து படிக்கவா? சீனியர் அக்கா ஒருவர் ஜே.இ.இ. புத்தகம் வாங்கிப் போடச் சொல்கிறார். தமிழ்வழியில் படித்ததுதான் காரணமோ என்றும் தோன்றுகிறது.

பதில்:

உன் வயதில் எனக்கொரு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதேம்மா.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியலும் மெக்கானிக்ஸும் நடத்த ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் முதல் இன்டர்னல் விடைத்தாள் கொடுத்த மறுநாள், உன் கடிதத்தில் இருப்பதை அப்படியே சொல்லிக்கொண்டு யாராவது என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். எண்பது, தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள்தான். ஆங்கிலவழிப் பிள்ளைகளும் அதில் பாதிப் பேர் உண்டு. ஆகவே தமிழ்வழிதான் காரணம் என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வை. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் ஜே.இ.இ. புத்தகத்தை வாங்காதே. அது லட்சக்கணக்கான பேரில் சிலரைப் பொறுக்கி எடுக்கத் தயாரான கணக்குகள்; ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு இருக்கும். உனக்கு இப்போது முடிச்சு அவிழ்க்கும் வித்தை வேண்டாம், கயிறு எது என்று தெரிந்தால் போதும். நான்கு தொகுதிகளையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் எண்ணத்தையும் விட்டுவிடு. அளவீட்டியலில் ஆரம்பித்து மூன்றாவது நாள் அலுத்துப்போய் மூடிவைப்பாய். உனக்கு மறந்துபோனது பாடமே இல்லை. பள்ளியில் டெரிவேஷனை மனப்பாடம் செய்தாய், புக்-பேக் கணக்குகளை நடத்திய மாதிரியே எழுதினாய், மதிப்பெண் வந்தது. எண் மாறினாலும் கேள்வி மாறவில்லை. இங்கே கேள்வியே மாறுகிறது. அப்போது கை எங்கே போக வேண்டும் என்ற பழக்கம்தான் இல்லை.

உங்கள் தோப்பிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் காய்த்த பலாப்பழத்தைக் கீழே போட்டால் வெடித்துவிடும் என்று காம்பில் கயிறு கட்டி இறக்குவார்கள் அல்லவா? பழம் 20 கிலோ என்று வை. கயிற்றில் உள்ள இழுவிசை எவ்வளவு?

பழம் சும்மா தொங்கும்போது எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்: 20 × 9.8 = 196 நியூட்டன். அடுத்து, பழம் ஒரே சீரான வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது எவ்வளவு? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். "இறங்குகிறதே சார், குறையும்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். குறையாது. அதே 196 தான். வேகம் மாறவில்லை, அதனால் முடுக்கம் பூஜ்ஜியம், அதனால் மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சமம். நியூட்டனின் முதல் விதியை வரி பிசகாமல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கேள்வியில் தடுக்கி விழுவதை வருடா வருடம் பார்க்கிறேன். ஓய்வும் சீரான இயக்கமும் ஒன்றுதான் என்று அந்த விதி சொல்வதை யாரும் நம்புவதில்லை, எழுதுவதோடு சரி.

இப்போது இறக்குகிறவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறார். பழம் கீழ்நோக்கி 1 மீ/வி² முடுக்கத்தோடு இறங்குகிறது. தாளில் பழத்தை ஒரு புள்ளியாகப் போடு. கீழே ஓர் அம்பு, mg (நிறை m, புவியீர்ப்பு முடுக்கம் g = 9.8). மேலே ஓர் அம்பு, கயிற்றின் இழுவிசை T. வேறு எதுவும் போடாதே. முடுக்கம் a என்றால், கீழ்நோக்கி mg − T = ma. T = 20 × (9.8 − 1) = 176 நியூட்டன். சரி, குறைந்திருக்கிறது.

அப்புறம் அவர் கை நழுவிவிட்டது. பழம் 1 மீட்டர் தானாக விழுந்த பிறகு திரும்பவும் கெட்டியாகப் பிடித்து 20 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்திவிட்டார். விழுந்தது 1 மீட்டர், நிறுத்தியது 0.2 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் அதே வேகத்தைக் கொல்ல வேண்டுமென்றால் ஐந்து மடங்கு முடுக்கம் வேண்டும், இந்த முறை மேல்நோக்கி: 5g. அப்படியானால் T = m(g + 5g) = 6mg, அதாவது சராசரியாக 1176 நியூட்டன். 20 கிலோ பழம் அந்தக் கணத்தில் 120 கிலோ பழம் தொங்குவது போலக் கயிற்றை இழுக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த கயிறு இன்று ஏன் அறுந்தது என்று உன் அப்பா கேட்டால் இதைச் சொல். பாரத்தால் அறுவதைவிட, வெடுக்கென்று நிறுத்துவதால் அறுவதுதான் அதிகம்.

விவரம் தெரிந்தவர்கள் கயிற்றைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் விடுவார்கள், பார்த்திருப்பாய். கயிற்றுக்கும் கிளைக்கும் உராய்வுக் குணகம் (எவ்வளவு பிடிமானம் என்று சொல்லும் எண்) 0.3 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு இழுவிசை ஆறரை மடங்குக்கு மேல் குறையும். 196 நியூட்டனைத் தாங்கக் கையில் 30 நியூட்டன், அதாவது மூன்று கிலோ தூக்குகிற பலம் போதும். இது பின்னால் மெக்கானிக்ஸ் தாளில் பெல்ட் ஃப்ரிக்‌ஷன் என்ற பெயரில் வரும். வரும்போது உங்கள் பலா மரம் நினைவுக்கு வரட்டும்.

இந்த ஒரே கணக்கில் உனக்கு வேண்டிய பழக்கங்களில் முக்கால்வாசி வந்துவிட்டது. படம் போட்டோம். போட்ட ஒவ்வோர் அம்புக்கும் "இதைக் கொடுத்தது யார்?" என்று கேட்டால் பதில் இருந்தது: ஒன்றைப் பூமி கொடுத்தது, இன்னொன்றைக் கயிறு கொடுத்தது. பதில் இல்லாத அம்பு படத்தில் இருக்கக் கூடாது. பலர் "வேகத்தின் விசை" என்று இறங்கும் திசையில் ஓர் அம்பை வரைந்துவிடுவார்கள். அதைக் கொடுத்தது யார்? யாருமில்லை. வார விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நீ முன்னால் சாய்வாய். உன்னை முன்னால் தள்ளியது எது என்று கேட்டுப் பார். எதுவும் தள்ளவில்லை. பேருந்து நின்றது, நீ நிற்கவில்லை, அவ்வளவுதான்.

விடை வந்ததும் அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. mg − T = ma என்பதில் a-க்கு g-யைப் போட்டுப் பார். T பூஜ்ஜியம் ஆகிறது. பழம் தானாக விழும்போது கயிறு தொய்ந்துவிடும், ஆக சமன்பாடு சரி. சைன் வருமா, காஸ் வருமா என்ற குழப்பமும் இதே வழியில் தீரும். லாரியில் முந்திரி மூட்டை ஏற்றச் சாய்த்துப் போடும் பலகை இருக்கிறதே, அதன் வழியாக மூட்டையைக் கீழே இழுக்கும் கூறு mg சைன் θ-வா, mg காஸ் θ-வா? மனப்பாடம் வேண்டாம். பலகையைத் தரையோடு படுக்க வை, கோணம் பூஜ்ஜியம். மூட்டை சறுக்காது. பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியமாவது சைன். முடிந்தது.

அடுத்தது அலகு. இதை யாரும் பாடமாகவே மதிப்பதில்லை, நானும் மதிக்கவில்லை. என் முதலாண்டில் ஆய்வகத்தில் ஓர் எஃகுப் பட்டையின் யங் குணகம் (நீளாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று சொல்லும் எண்) கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் எடை தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கும் சோதனை, நீயும் செய்வாய். நீளத்தையும் அகலத்தையும் மீட்டருக்கு மாற்றினேன். தடிமனை மட்டும் திருகு அளவியில் பார்த்தபடி மில்லிமீட்டரிலேயே போட்டுவிட்டேன். சூத்திரத்தில் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது, ஆயிரத்தின் மூன்றாம் அடுக்கு நூறு கோடி. 2 × 10¹¹ நியூட்டன்/மீ² வர வேண்டிய இடத்தில் வெறும் 200 என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். ஆசிரியர் திட்டவில்லை. "உன் கணக்குப்படி சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிராம் எடையில் இழுத்தாலே இந்த எஃகு இரண்டு மடங்கு நீளும். வீட்டில் அல்வா கிண்டக் கொண்டுபோ" என்றார். கூட இருந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அலகு போடாமல் நான் ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை.

அதே மூன்றாம் அடுக்கு இன்னொரு விதத்திலும் கடிக்கும். தடிமன் 3 மி.மீ. இருக்கும் பட்டையில், திருகு அளவியின் சுழிப்பிழையை (ஒன்றும் வைக்காதபோதே அது காட்டும் அளவை) கழிக்க மறந்து 3.1 என்று எடுத்தால், பிழை 3 சதவீதம்தானே என்று தோன்றும். விடையில் அது கிட்டத்தட்ட 10 சதவீதமாகிவிடும். சுழிப்பிழையைப் பள்ளி ரெக்கார்டில் 'இல்லை' என்றே எழுதிப் பழகியவர்கள்தானே நாம்!

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டியிருந்தது. தொட்டியில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்க வேண்டும். எரிபொருள் கணக்குப் போட்டவர்கள் பழக்கத்தில் 1.77 ஆல் பெருக்கினார்கள், அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். வந்த விடையைக் கிலோ என்று நம்பிவிட்டார்கள். 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டர்கூட நிரப்பவில்லை. நடுவானில் இரண்டு என்ஜினும் நின்றன. விமானி பழைய விமானப்படைத் தளம் ஒன்றில் சறுக்கிக்கொண்டே வந்து இறக்கினார், உயிர்ச்சேதம் இல்லை. பெருக்கல் சரிதான், கீழே போட்ட அலகுதான் தப்பு.

நீ அன்றாடம் பார்க்கிற எண்களை மாற்றிப் பழகு. பேருந்து மணிக்கு 54 கி.மீ. என்றால் வினாடிக்கு 15 மீட்டர் (5/18 ஆல் பெருக்கு). பஞ்சர் கடையில் "முப்பது வை" என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. சுமார் 2 லட்சம் பாஸ்கல். இப்படிப் பத்து எண்கள் கைக்கு வந்துவிட்டால் தேர்வில் வரும் அபத்தமான விடை கண்ணிலேயே உறுத்தும்.

மடங்கு பார்ப்பதும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூரை ஒட்டிக் கரையைக் கடந்தபோது நீ சின்னக் குழந்தை. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வரை அடித்தது. உங்கள் பக்கத்தில் எத்தனை பலாவும் முந்திரியும் சாய்ந்தன என்று வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். 70 கி.மீ. காற்றைவிட 140 கி.மீ. காற்று இரண்டு மடங்கு தள்ளும் என்றுதான் மனசு சொல்லும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும், ஆகவே நான்கு மடங்கு. அந்த விசை உயரத்தில் இருக்கும் கிளைகளின் மேல் படுகிறது. விசையை வேரிலிருந்து உள்ள அந்த உயரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். உயர்ந்த மரம் வேரோடு பெயர்ந்ததற்கும் பக்கத்திலேயே இருந்த செடி தப்பியதற்கும் காரணம் அந்தப் பெருக்கலில் இருக்கிறது. முழுக் கணக்குப் போடாமல் "இது இரண்டானால் அது என்னாகும்?" என்று கேட்பது, என்னைக் கேட்டால், ஒரு பொறியாளருக்குச் சூத்திரத்தைவிட அதிகம் உதவும்.

சரி, திருப்புத்திறன் என்ற சொல் வந்துவிட்டது, மொழி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்வழியில் படித்தது உனக்குச் சில இடங்களில் லாபம். ஆங்கிலத்தில் மொமெண்ட், மொமெண்டம் என்று இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் ஆங்கிலவழிப் பிள்ளைகள் குழம்புவார்கள். உனக்கு ஒன்று திருப்புத்திறன், மற்றது உந்தம், குழம்பவே வழியில்லை. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று அவர்கள் தடுமாறும்போது உனக்குத் தகைவு, திரிபு. வெலாசிட்டிக்குத் திசை உண்டு என்று அவர்கள் தனியாக நினைவு வைக்க வேண்டும், உனக்குத் திசைவேகம் என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் தமிழிலும் ஒரு பொறி உண்டு: 'திறன்'. பவர் என்பது திறன், மொமெண்ட் திருப்புத்திறன், எஃபிஷியன்சி பயனுறுதிறன், கெப்பாசிட்டன்ஸ் மின்தேக்குத்திறன். இந்த நான்குக்கும் அலகை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பயனுறுதிறனுக்கு அலகே கிடையாது.

ஆகவே தமிழைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் யோசிக்க முயலாதே. யோசிப்பது தமிழில் இருக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். நம் மாநிலப் பாடநூல் இரு மொழிகளிலும் வந்திருக்கிறது. பாட வரிசை ஒன்றே, படங்களும் ஒன்றே. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உன் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பதிப்பில் அதே பாடத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் படி. இரண்டே வாரத்தில் ஐம்பது, அறுபது சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் முதலாண்டுக்குத் தேவையில்லை.

எந்தப் பாடங்கள்? பிளஸ் ஒன்னுக்குப் போகுமுன் பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகளும் மின்னோட்டவியலும் மட்டும் ஒரு வாரம் பார். வெட்கப்படாதே, கதவை மூடிக்கொண்டு படி. அப்புறம் பிளஸ் ஒன் முதல் தொகுதியில் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன், திண்மப்பொருட்களின் இயக்கம் ஆகிய நான்கு. இதுதான் உன் துறையின் முதுகெலும்பு. உன் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேயே போகட்டும். இரண்டாம் தொகுதியில் பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள். ஈர்ப்பியலை விட்டுவிடு, செயற்கைக்கோள் விடும்போது பார்த்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் மின்னோட்டவியலும் மாறுதிசை மின்னோட்டமும் போதும். ஒளியியல், எலக்ட்ரானியல் பாடங்களைக் கல்லூரித் தாளில் லேசரும் குறைக்கடத்தியும் வரும்போது திருப்பிக்கொள்.

படிக்கிற முறை ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: எடுத்துக்காட்டுக் கணக்கின் தீர்வை ஒரு தாளால் மூடிவிட்டு, படம் போட்டு, அலகோடு நீயே போட்டுப் பார். முட்டிக்கொண்டால் ஒரு வரி மட்டும் திறந்து பார். தினம் முக்கால் மணி நேரம், மூன்று கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். வாசித்துவிட்டு "புரிகிறது" என்று தாண்டிப் போவதுதான் உன்னை 13-ல் கொண்டுவந்து விட்டது.

கை வேலையும் கொஞ்சம் செய். ஒரு நூலில் பூட்டைக் கட்டி, முடிச்சிலிருந்து பூட்டின் நடுவரை சரியாக 1 மீட்டர் அளந்து, விடுதி அடுக்குக் கட்டிலின் மேல் சட்டத்தில், தரையில் இடிக்காதபடி தொங்கவிடு. லேசாக ஆட்டிவிட்டு இருபது அலைவுகளுக்குக் கைப்பேசியில் நேரம் பார். 40 வினாடிக்கு மிக அருகில் வரும். நூலைக் கால் மீட்டராக்கினால் 20 வினாடி. நீளத்தின் வர்க்கமூலம் என்று சூத்திரத்தில் இருப்பது அப்போது கண் முன்னால் ஆடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவாய் அல்லவா, ஒரு வேலை தருகிறேன். போர் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று அதன் பெயர்ப்பலகையில் பார். 5 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஆக 3730 வாட். போர் எத்தனை அடி என்று அப்பாவிடம் கேட்டால் 300 என்பார். அந்த எண்ணை அப்படியே போட்டுவிடாதே. குழாய் எவ்வளவு ஆழம் போனாலும், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து மேலே தூக்குவதுதான் வேலை. மோட்டார் ஓடும்போது அந்த மட்டம் 200 அடி என்றால் சுமார் 61 மீட்டர். ஒரு லிட்டரை அத்தனை உயரம் தூக்க 9.8 × 61, ஏறக்குறைய 600 ஜூல். 3730-ஐ 600-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஆறு லிட்டருக்குச் சற்று மேல். பம்பில் பாதி வீணாகிறது என்றால் மூன்று லிட்டர் சொச்சம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆக வேண்டும். தொட்டி மாடியில் இருந்தால் அந்த உயரத்தையும் கூட்டிக்கொள்.

கைக்கடிகாரத்தோடு தொட்டிப் பக்கத்தில் நின்று பார். எத்தனை நிமிடம் ஆனது, உன் பம்பின் பயனுறுதிறன் எவ்வளவு வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தண்ணீர் மட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதையும் சேர்த்து எழுது, எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.